பற்ற வைத்ததற்கும் வெடிப்பதற்கும் நடுவே

1

நியூசிலாந்தில் நடுத்தரமான ஓர் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் நாய்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது என் வேலை. இங்கே நாய் வைத்திருப்பவர்கள் வருடா வருடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். பெயர், வயது, நிறம், கருத்தடை ஆகிவிட்டதா, யாரையாவது கடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கழுத்தில் கட்ட ஒரு வில்லையைக் கொடுப்பேன். ஊரில் இதை விவரமாகச் சொல்லவில்லை. "லைசென்ஸ் ஆபீஸில் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். சிவகாசிக்காரர்களிடம் லைசென்ஸ் என்ற சொல்லைச் சொன்னால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கன ஒரு யூனிட் போடணும்னா லைசென்சுக்கு எம்புட்டு நாள் ஆகும்த்தா?" என்று கேட்டார். கடிக்குமா கடிக்காதா என்பதைப் பொறுத்தது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இந்த அலுவலகத்தில் மதியம் இரண்டரை மணிக்கு டீ இடைவேளை. அப்போது சிவகாசியில் காலை ஏழு மணி. பக்கத்து மேசை வெள்ளைக்காரம்மா தன் போனில் ஆங்கில எழுத்துக்கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பார். நான் என் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்விடுவேன். நான் தனியாகச் சிரிப்பதையும், திடீரென்று முறைப்பதையும், "அய்யய்யோ" என்று தலையில் அடித்துக்கொள்வதையும் சில மாதங்கள் பார்த்துவிட்டு, ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, "உங்களுக்கு யாராவது சிநேகிதர் இருக்கிறாரா?" என்று கேட்டார். அவர் எந்த அர்த்தத்தில் கேட்டார் என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இருக்கிறார்கள், மூன்று பேர் என்றேன். அன்றிலிருந்து என்னைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்க்கிறார்.

2

அந்த மூன்று பேரும் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ராஜாத்தி திருத்தங்கலில் குடும்ப அச்சாபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் மெஷினில் ஓடும். கணேசன் சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மாரி கல்யாணமாகி ஆலங்குளத்தில் இருக்கிறாள். வீட்டுக்காரருக்கு சிமெண்ட் பேக்டரியில் வேலை. இவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். போனில் பழைய மாணவர்கள் குழு என்று ஆரம்பித்து, பூப்படம் போட்ட காலை வணக்கங்களால் செத்துக்கொண்டிருந்த ஒன்றை ராஜாத்திதான் பிடுங்கி எடுத்து 'சொல்வெடி' என்று பெயர் மாற்றினாள். குழுவில் இன்னும் முப்பது நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பார்கள், பேச மாட்டார்கள். விளையாடுவது நாங்கள் நாலு பேர்.

ஆட்டம் சுலபம். முறை வைத்து ஒருவர் காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பு போட வேண்டும். அதற்குப் பெயர் திரி. மற்றவர்கள் அந்தக் குறிப்புக்கு உரிய ஒரே சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் வெடி. தப்பாகச் சொன்னால் புஸ். யாருமே சொல்லவில்லை என்றால் திரி நமுத்துப்போச்சு, அந்த அவமானம் திரி வைத்தவருக்கு. ஒரே ஆள் தொடர்ந்து மூன்று தடவை நமுத்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் அவர் 'வேடிக்கை'. அதாவது குழுவில் நடப்பதைப் பார்க்கலாம், ஒரு எழுத்து தட்டக் கூடாது.

எது தமிழ்ச் சொல் என்பதில் ஆரம்பத்தில் பெரிய சண்டை. ராஜாத்தி ஒரே வரியில் தீர்த்துவைத்தாள்: "பஜார்ல நின்னு சொன்னா நாலு பேருக்கு வெளங்கணும். வெளங்குனா தமிளு." இதன்படி லோடு, ஆர்டர், சீசன், அட்வான்ஸ் எல்லாம் சுத்தமான தமிழ். கும்பகோணத்துக்காரரான என் கணவர் இதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் மனவருத்தத்தில் இருந்தார்.

வேலை நாளில் இந்த ஆட்டத்துக்கு அதிக நேரம் கிடையாது. கணேசன் கம்பெனி கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வேனில் ஏறியதிலிருந்து கேட் வரும்வரை விடைகளைக் கொட்டுவான். கேட் வந்ததும் பாதிச் சொல்லோடு காணாமல் போவான். சாயங்காலம் வந்து மீதிச் சொல்லை முடிப்பான். அதற்குள் மற்றவர்கள் விடையைச் சொல்லி, அதன் மேல் சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். ஒரு தடவை காலையில் "கொத்" என்று போட்டுவிட்டுப் போனவன் ஐந்தரை மணிக்கு வந்து "தவரங்காய்" என்று போட்டான். அன்றைய விடை கொத்தனார்.

சிரிக்க வேண்டாம். நான் வீட்டில் பேசுகிற தமிழ் கும்பகோணமும் சிவகாசியும் சமரசம் செய்துகொண்ட ஒரு மொழி. மகள் கயலுக்கு நான் பேசுவது புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கே. அலுவலகத்தில் நாய்களிடம்கூட ஆங்கிலம்தான் பேச வேண்டும். என்னைப் பார்த்து "ஏ புள்ள" என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது இந்தக் குழு ஒன்றுதான். அதில் வாயை மூடிக்கொண்டு ஒரு வருடம் உட்காருவது என்னால் முடியாத காரியம்.

இந்த வருடம் தீபாவளிக்கு முன்பே என் கணக்கில் இரண்டு நமுத்துவிட்டன.

3

முதலில் நமுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வைத்த திரி: 'கடையில் இடித்தவரும் இடிபட்டவரும் ஒரே நேரத்தில் சொல்வது.' விடை மன்னிப்பு. இந்த ஊரில் யாராவது என் காலை மிதித்தால் அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் நான் கேட்டுவிடுவேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு பழக்கம். ஒரு தடவை சூப்பர் மார்க்கெட்டில் தூணிடம் கேட்டேன்.

கணேசன் முதலில் வந்தான். "கண்ணு பெடதியிலயா இருக்கு?"

கண் பிடரியில் இருந்தாலும் புஸ்தான், ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்றேன்.

"ஏலே," என்று சுருக்கிப் போட்டான்.

மாரி, "தள்ளு" என்றாள். ராஜாத்தி யோசித்து, "இடிச்சவன் என்னத்துக்குப் பேசுறான்? அவன் பாட்டுக்குப் போயிருவான்ல" என்று அடிப்படையையே கேள்வி கேட்டாள். விடையைச் சொன்னதும் மூன்று பேரும் கொதித்துவிட்டார்கள். தீபாவளி நேரத்து சிவகாசி பஜாரில் இடித்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டால் ஒரு கடையைத் தாண்ட ஒரு வாரம் ஆகும் என்றாள் மாரி. அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இரண்டாவது திரி: 'குளிர்காலக் காலையில் கார் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியது.' விடை உறைபனி. ஜூலை மாதம் நான் தினமும் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை வைத்துச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். கை மரத்துப் போகும். அந்த அனுபவத்தைச் சிநேகிதர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"காக்கா எச்சம்," என்றாள் ராஜாத்தி.

"வேப்பம் பிசின்," என்றான் கணேசன்.

"எலக்சன் நோட்டீசு," என்றாள் மாரி.

விருதுநகர் மாவட்டத்தில் குளிர்காலம் என்பது மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்பது. அதை நான் மறந்துவிட்டேன். "நமுத்துப்போச்சு" என்று ராஜாத்தி தீர்ப்புச் சொன்னதோடு நிற்காமல், ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்பினாள். "ஏ புள்ள, ஒனக்கு ரெண்டாச்சு. அங்கன உள்ளதையெல்லாம் கேட்டா நாங்க எங்கிட்டுப் போக? இங்கன உள்ளதைக் கேளு. இன்னொண்ணு நமுத்துச்சு, ஒக்கார வச்சிருவேன், பாத்துக்க."

ராஜாத்தி சொன்னால் செய்வாள். சொந்தத் தம்பியையே ஒரு வருடம் வேடிக்கையில் உட்கார வைத்தவள். அவன் இப்போது தெருவில் பார்த்தால்கூட அவளிடம் பேசுவதில்லை.

அதனால் மூன்றாவது திரியைப் பத்திரமாகத் தயாரித்து வைத்தேன். 'பட்டாசுக்கு வயிறு, சிவகாசிக்குச் சோறு.' விடை மருந்து. கரிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதானே சொல்வோம். பால்வாடிக் குழந்தைகூட ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு வெடித்துவிடும். கௌரவம் குறைச்சல்தான், ஆனால் குழுவில் என் நாற்காலி தப்பும். என் முறை தீபாவளி முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளுக்குத் தீபாவளி லீவு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஞாயிறு ஆட்டம் மதியம் கறிச்சோறு வரைக்கும் நடக்கும் என்பது விதி.

4

இங்கே நவம்பர் முதல் வாரத்தில் நாலே நாலு நாள்தான் கடையில் பட்டாசு விற்கலாம். அதுவும் பதினெட்டு வயது ஆனவர்களுக்குத்தான். சத்தம் போடும் வெடி எதுவும் கிடையாது. புஸ்வாணத்தின் தூரத்துச் சொந்தங்களும் கம்பி மத்தாப்பும் கிடைக்கும். தீபாவளி முடிந்து சில நாள் கழித்து வந்தாலும் பரவாயில்லை என்று வருடா வருடம் போய் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வோம்.

கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். பெட்டியை என் கையில் கொடுக்காமல், "இதற்கு முன் பட்டாசு கொளுத்திய அனுபவம் உண்டா?" என்று கேட்டான். என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். காரணம் இருக்கிறது. ஒரு தடவை ஊரிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் என் பெட்டியைத் துணியால் துடைத்துப் பார்த்த அதிகாரி, "சமீபத்தில் வெடிமருந்துக்குப் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டார். "எங்கள் ஊரே அதுதான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பொய் சொல்லத் தெரியாத ஊர்ப் பெருமை. பிறகு தனி அறை, நாலு அதிகாரிகள், அப்பா என்ன வேலை செய்தார், சித்தப்பா என்ன வேலை செய்கிறார், மாமா என்ன வேலை செய்கிறார் என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றேதான். அவர்கள் என்னை விடுவதற்குள் கயல் இரண்டு தடவை அழுது முடித்திருந்தாள்.

அதனால் கடைப் பையனிடம், "பார்த்திருக்கிறேன்" என்று அடக்கமாகச் சொன்னேன். அவன் எனக்கு ஒரு கம்பி மத்தாப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். கையை நீட்டி, முகத்தைத் திருப்பி. நானும் அதே மாதிரி பிடித்துக் காட்டினேன். "நன்றாகச் செய்கிறீர்கள்" என்றான்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் பின்பக்கப் புல்தரையில் புஸ்வாணத்தை வைத்தோம். இந்த வருடம்தான் கயல் முதல் தடவையாகத் தானே பற்ற வைக்கிறேன் என்றாள். பதினாறு வயது. ஊதுவத்தியை நீட்டினாள், திரியில் பொறி பிடித்தது, ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அணைந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். அப்போது பொங்கியது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அது பதிவு செய்யப்பட்ட நாய், நான்தான் வில்லை கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து உள்ளே வந்த பிறகு அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, பற்ற வைத்தாயிற்று, ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அந்த நடுநேரம் இருக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன பேர்?"

மகள் தானாக ஒரு தமிழ்ச் சொல் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

"எங்க ஊர்ல அதுக்குப் பேர் இல்லாம இருக்குமா?" என்றேன். "திரிக்குப் பேர் இருக்கு. திரியைக் கிள்ளுறதுக்குப் பேர் இருக்கு. வெடிக்காமப் போனதுக்கு ரெண்டு மூணு பேர் இருக்கு."

"இதற்கு?"

"இருக்கும்."

"உனக்கு மறந்துபோச்சா?"

அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மன்னிப்பையும் உறைபனியையும் ஏற்றிக்கொண்டு, ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டேனோ என்று தோன்றியது. குழுவில் நேராகக் கேட்டால், பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவரின் மகளான எனக்கு இதுகூடத் தெரியவில்லை என்று மாரி தீபாவளி மலரே போட்டுவிடுவாள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. இதையே திரியாக வைத்துவிடலாம். யாராவது விடையைச் சொல்வார்கள். கேட்டதும் எனக்கு நினைவு வந்துவிடும், "வெடி!" என்று போட்டுவிடலாம். விடை தெரியாமலே கேள்வித்தாள் தயாரித்த வாத்தியாராகி, 'மருந்து' என்ற என் பத்திரமான திரியை ஒதுக்கி வைத்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்குப் போட்டேன்: 'பற்ற வைத்ததற்கும் வெடிப்பதற்கும் நடுவே உள்ள நேரம்.'

கயல் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் பேருந்துப் பலகை படிக்கிற வேகத்தில்தான். நான் வாசித்துக் காட்டினேன்.

மாரி: "காத்திருப்பு."

புஸ் என்று போட்டேன். எந்த தைரியத்தில் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

ராஜாத்தி: "பதட்டம்."

புஸ்.

கணேசன் நிதானமாக வந்தான். "ஏ புள்ள, எங்ககிட்டயேவா? இது எங்க சோலி. டிலே."

பிறகு ஒரு வாய்ஸ் நோட்டில் விளக்கம். சரக்கு வெளியே போகுமுன் ஒவ்வொரு லாட்டிலும் நாலைந்து வெடியை எடுத்துத் திடலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார்களாம். எத்தனை செகண்டில் வெடிக்கிறது என்று பார்ப்பதற்கு டிலே பார்ப்பது என்றுதான் சொல்வார்களாம். "டிலே கம்மியா இருந்தா கொளுத்துனவன் ஓட முடியாது. அதிகமா இருந்தா திரும்பி வந்து குனிஞ்சு பாப்பான். ரெண்டும் ஆபத்து."

என் நாற்காலி தப்பியது என்று நினைத்தேன். 'வெடி' என்று அடிக்கக் கை போனது. 'வெ' அடித்தும் விட்டேன். பின்னாலிருந்து கயல், "அது இங்கிலீஷ் அம்மா" என்றாள்.

"பஜாரில் சொன்னால் புரியும், அதனால் தமிழ்தான்," என்றேன்.

"அந்த வார்த்தை என்கிட்ட ஏற்கெனவே இருக்கு. நான் உங்களுடையதைக் கேட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதற்குள் ராஜாத்தியும் உள்ளே புகுந்துவிட்டாள். "டிலேன்னா பேப்பர் லோடு லேட்டா வர்றதுலே. எங்க அச்சாபீஸ்ல தெனமும் இருக்கு டிலே. அதுவா வெடிக்குது? நாந்தான் வெடிக்கேன்." நான் 'வெ'யை அழித்துவிட்டு, புஸ் என்று போட்டேன். கையில் கிடைத்ததை நானே கீழே போட்டேன் என்பது தெரிந்தேதான் போட்டேன்.

பிறகு நடந்தது எங்கள் குழுவின் வரலாற்றில் நடக்காதது. மாரி "திரியோட்டம்" என்றாள். நல்ல சொல்லாகத்தான் இருந்தது. "இப்பத்தான அடுப்புல இருந்து எறக்கின? சூடு ஆறலையே" என்று ராஜாத்தி மடக்கினாள். மாரி கோபித்துக்கொண்டு வெளியேறி, ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கணேசன் தன் கம்பெனியில் முப்பது வருடமாகத் திரி வெட்டும் அக்காவுக்குப் போன் போட்டான். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமையாவது இந்தப் பேச்சு இல்லாமல் இருக்க விடு என்று வைத்துவிட்டாராம். ராஜாத்தி தெருமுனை டீக்கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். டீக்கடையில் இரண்டு கட்சியாகி, டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டார் என்று செய்தி வந்தது. இத்தனை வருடம் வெறுமே பார்த்துக்கொண்டிருந்த முப்பது நாற்பது பேரும் பேச ஆரம்பித்தார்கள். செத்துவிட்டார் என்று நான் நினைத்திருந்த ஒருவர்கூட ஒரு விடை போட்டார்.

கடைசியில் கணேசன்தான் சொன்னான், "வாயால பேசிக்கிட்டிருந்தா ஆகாது. கொளுத்திப் பாத்திருவோம். அப்ப வாயில என்ன வருதோ அதுதான் பேரு."

தீபாவளி மிச்சம் எங்கள் பக்கம் எந்த வீட்டில்தான் இல்லை? மூன்று தெருக்களில், மூன்று வாசல்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெடி வைத்தார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்பினார்கள். நாங்கள் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். என் கணவர்கூட டிவியை அணைத்துவிட்டு வந்தார்.

கணேசன் வீட்டிலிருந்து: "ஏலே தள்ளுலே, தள்ளி நில்லு, பத்திருச்சு, பத்திருச்சு!" பிறகு ஒன்றுமில்லை. பிறகு டமார்.

மாரி வீட்டிலிருந்து: "காதைப் பொத்திக்கங்க, வருது!" ஒன்றுமில்லை. டமார்.

ராஜாத்தி வீட்டிலிருந்து, ஒரு கூட்டமே கத்துகிறது, நாய் குரைக்கிறது, யாரோ பைக்கில் வருகிறவரை நிற்கச் சொல்கிறார்கள், "பிடிச்சிருச்சு, ஓடியாங்க!" அப்புறம் எல்லாம் அடங்கியது. டமார். அதற்குப் பிறகு ராஜாத்தியின் குரல், "சொன்னாகளா? என்ன சொன்னாக? ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலையா? களுதைகளா, பேசத்தான கூப்பிட்டேன்?"

கயல் மூன்றையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

மணி எட்டரை ஆனது. ஊரில் ஒன்று. ராஜாத்தி வீடியோவில் கூப்பிட்டாள், கணேசனையும் மாரியையும் சேர்த்துக்கொண்டு. கையில் கரண்டி இருந்தது.

"ஏ புள்ள, கறி ஆறுது. விடையைச் சொல்லு."

"எனக்குத் தெரியலை ராஜாத்தி."

"வெளங்கலை."

"விடை எனக்கே தெரியாது. உங்கள்ல யாராவது சொல்வீகன்னு நெனச்சேன்."

கணேசன் முகத்தைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்தான். "அப்ப காலையில இருந்து எங்களுக்குப் புஸ்ஸூ புஸ்ஸூன்னு போட்டது?"

"சும்மாதான்."

"நான் ஆறு வெடி கொளுத்துனேன்!"

"பெறகு என்னத்துக்குத்தா இந்தத் திரிய வச்ச?" என்றாள் மாரி.

"கயல் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை. அதான்."

ராஜாத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு, ஒம் மகளா? எங்க அவ? கூப்பிடு."

கயல் என் பின்னால்தான் நின்றாள். நழுவப் பார்த்தவளைப் பிடித்து முன்னால் இழுத்தேன். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் உதவ வாயைத் திறந்தபோது ராஜாத்தி, "நீ சும்மா இரு, அவ பேசட்டும்" என்றாள்.

"அத்தை," என்றாள் கயல். "நான்... எல்லாம் கேட்டேன். மூணும். அப்போ யாரும் பேசலை. காது... காதை மூடிட்டு இருக்காங்க. யாரும் பேசலைன்னா, பேர் எப்படி வரும்?"

அவ்வளவுதான் சொன்னாள். கணேசன் தன் விரல்களை மெதுவாகக் காதுக்குக் கொண்டுபோய், வைத்துப் பார்த்து, எடுத்தான். "நெசந்தான்," என்றான். "நானும் பேசலையே."

"அப்படிப் போடு தாயி!" என்றாள் ராஜாத்தி. மாரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதை ஒளிக்கவும் இல்லை. என் மகள் தமிழில் ஒரு முழு யோசனையை யோசித்து, வேறு யாரும் சொல்லாததைச் சொன்னாள். மூன்று வீடுகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

பிறகு ராஜாத்தி தொண்டையைச் செருமினாள். அது தீர்ப்புக்கு அறிகுறி.

"கேளு ஜெயா. திரிய வச்சவ நீ. விடை வரலை. ஆகமொத்தம் நமுத்துப்போச்சு. மூணு."

"ராஜாத்தி, இவ்வளவு நடந்த பிறகுமா?"

"எம் தம்பிக்கு ஒரு நாயம், ஒனக்கு ஒரு நாயமா? அடுத்த தீபாளி வரைக்கும் நீ வேடிக்கை. பேசப்படாது, தட்டப்படாது." பிறகு அவள் குரல் வேறு மாதிரி ஆயிற்று. "ஆனா குளுவுல நாலு பேரு வேணும். நாலாவது எடத்துக்கு இந்தப் புள்ளையச் சேத்துக்கிடுதேன். கயலு, நாளைக்குக் காலையில ஏழு மணி. ஒம் மொறை. திரிய வையி தாயி."

"அத்தை, எனக்குத் தமிழ் டைப்..."

"அதெல்லாம் கணேசன் மாமா சொல்லித் தருவாரு. வையி போனை, கறி ஆறிப் போச்சு."

6

நான் வேடிக்கைக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. இரண்டரை மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போகிறேன். எல்லாம் தெரிகிறது. ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்து மேசை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று பேரும் போய்விட்டார்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். போகவில்லை, என் மகளோடு பேசுகிறார்கள் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அதை விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதாது.

கயல் பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் போனைத் தொட முடியாது. அதனால் ராஜாத்தி அவளுக்காக விதியைத் திருத்தியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்து திரி வைக்கலாம், விடை சொல்லலாம். என் பள்ளிக்கூடக் காலத்து நட்புக்கு ஒரு கமா கூடத் திருத்தாதவள். கயல் வைத்த முதல் திரிக்கு விடை 'பூனை'. எட்டு பேர் வெடித்தார்கள். கணேசன் மாமா தினமும் வாய்ஸ் நோட்டில் ஒரு சொல்லை உடைத்து உடைத்துச் சொல்லித் தருகிறார். இவள் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள், எங்கள் ஊர் இழுப்போடு. என் கணவர் அறையை விட்டு எழுந்து போகிறார்.

போன வாரம் ஒரு மாலை. நான் அடுப்படியில் நின்றேன். கயல் சோபாவில் கால் நீட்டி, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அன்றைய திரியைச் சத்தமாக எழுத்துக்கூட்டினாள். மாரி வைத்தது: 'சோறு ஆக்கிய வீட்டுக்காரி கடைசியில் சாப்பிடுவது.' எனக்கு விடை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. அடிப்பிடித்த சோற்றுக் காந்தலை வாழ்நாள் முழுக்கச் சுரண்டியவள் நான். கயல் "மிச்சம்?" என்றாள், புஸ். "ரசம்?" என்றாள், புஸ். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? கரண்டியோடு கூடத்துக்கு வந்து, "காந்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, நீங்க வேடிக்கைல? வாயைத் தொறக்காதீக."